மடகாஸ்கர் அண்ணனும் ஒரு கோடித் துணியும்

திருப்பூரில் யாரை வேண்டுமானாலும் அவசரப்படுத்திவிடலாம். சாயப்பட்டறைக்காரரை அவசரப்படுத்தலாம், லோடு ஏற்றுகிறவரை அவசரப்படுத்தலாம், முகூர்த்த நாளில் ஐயரைக்கூட அவசரப்படுத்தியிருக்கிறார்கள். மடகாஸ்கர் அண்ணனை மட்டும் அந்த முருகனே மயிலேறி வந்து நின்றாலும் அவசரப்படுத்த முடியாது. "சித்த இருங்க சாமி, மயிலுக்குத் தண்ணி காட்டுங்க, வந்தர்றேன்" என்றுதான் சொல்வார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். மண்ணரைப் பகுதியில் எங்கள் லைன் வீட்டின் ஏழு குடித்தனத்துக்கும் அது தெரியாது. பனியன் கம்பெனியில் மிஷின் மெக்கானிக். மடகாஸ்கர் தீவில் ஒரு துணி ஆலைக்குப் போய் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாங்களும் தினமும் எத்தனையோ தேசத்துக்குத் துணி அனுப்புகிறோம். ஒரு தேசமும் எங்கள் மனசில் ஒட்டுவதில்லை. இவர் தலையில் மட்டும் ஒரு தேசம் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்றுவிட்டது.

அவருக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு அக்கா. உடுமலைக்கு அந்தப் பக்கம் கொமரலிங்கத்தில் இருக்கிறார். அவர் இவரிடம் பேசி ஆறு வருடமாகியிருந்தது. அம்மா இறந்தபோது இவர் அந்தத் தீவில் இருந்தார். ஊரை விட்டு ஊர் விமானம் மாறி வந்து சேர மூன்று நாளாகும். அதுவரை அம்மாவை வைத்திருக்க முடியாது. "பெத்த மகன் ஒரு கோடி போடாம எங்கம்மா மண்ணுக்குள்ள போனா" என்று அக்கா சொன்னதுதான் கடைசிப் பேச்சு. இவர் திரும்பி வந்து வாசலில் போய் நின்றபோது அக்கா கதவைச் சாத்திவிட்டார். கோடி என்பது பிணத்தின் மேல் உறவு முறைக்காரர் போர்த்தும் புதுத்துணி. ஊர் உலகத்துக்கெல்லாம் துணி தைத்தவன், பெற்றவளுக்கு ஒரு துணி போடவில்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். அதே கம்பெனியில், தைத்த துணியில் குற்றம் பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் கால் மடங்கும். ஒன்றரை ஷிப்டு என்று அதற்குப் பெயர். அப்படிக் களைத்த கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவில் அவர் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'மூரா மூரா'. மெதுவா, மெதுவா என்று அர்த்தமாம். பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டாலும் அங்கே அதுதான் பதில், கல்யாணம் எப்போது என்றாலும் அதுதான் பதில் என்பார். இங்கே ஷிப்மெண்ட் நாளில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று நின்றுபோகும். ஆளாளுக்கு ஓடுவார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மிஷினையே பார்ப்பார். மேனேஜர் ஓடிவந்து, லாரி நிற்கிறது என்பார். இவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "மூரா மூராங்க" என்பார். மரியாதையாக ஒரு 'ங்க' போட்டுவிடுவதால் மேனேஜரால் திட்டவும் முடியாது. அவர் கை வைத்த மிஷின் திரும்ப நின்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமி கும்பிடுகிறவள் பாதி உண்மை சொல்லக் கூடாது.

அடுத்தது ஃபாடி. அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆகாதது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். ஓரிடத்தில் பன்றிக்கறி ஆகாது. பக்கத்தில் செவ்வாய்க்கிழமை வயலில் இறங்க ஆகாது. சமாதியை நீட்டிய விரலால் காட்ட ஆகாது, விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஊருக்குள் கால் வைக்கும் முன் இங்கே என்ன ஆகாது என்று கேட்டுக்கொள்வதுதான் மரியாதை என்பார். நானும் கிருத்திகை விரதம், ராகு காலம், சூலம் எல்லாம் பார்க்கிறவள்தான். ஒருநாள் அவருக்கு ஆகாததையும் எனக்கு ஆகாததையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். வாரத்தில் புதன்கிழமை மத்தியானம் மட்டும் மிஞ்சியது.

பச்சோந்தியைத் துன்பப்படுத்துவதும் அந்த ஆகாததில் ஒன்று. அதன் ஒரு கண் நடந்துபோனதைப் பார்க்கும், மற்றக் கண் வரப்போவதைப் பார்க்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. ஒருநாள் காலை கம்பெனி வேனில் போகிறோம். வேலியிலிருந்து ஒரு பச்சோந்தி இறங்கி ரோட்டைக் கடக்கிறது. அது ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று ஆடி ஆடி யோசித்து வைக்கிற பிராணி. அண்ணன் குதித்து இறங்கி வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார். டிரைவர் திருநெல்வேலிக்காரர்.

"என்னண்ணே, ஒரு ஓணானுக்கா வண்டிய நிப்பாட்டச் சொல்லுதிய? சூப்பர்வைசரு என்னிய ஏசுவாருல்லா."

"அது ஓணான் இல்லீங்க தம்பி. அதுக்குப் போனதும் தெரியும், வரதும் தெரியும்."

"அப்பம் இன்னைக்கு எனக்குச் சம்பளம் கட்டாவுமான்னு அதுட்டயே கேட்டுச் சொல்லுங்க."

பத்து நிமிஷம் லேட்டாகப் போய் இருபது பேரும் வரிசையில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எனக்கு அவரால் வந்த பெரிய கஷ்டம் வேறு. வேலை முடிந்து வந்து அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தால் கண் சொக்கிவிடும். சோறு அடி பிடித்துவிடும். எந்த வீட்டிலும் நடப்பதுதான்; மூடி மறைத்துவிடலாம். ஆனால் அந்த வாசனை எழுந்ததும் அண்ணன் வாசலில் நிற்பார். "அம்மிணி, அடிப் புடிச்சிருச்சுங்களா?" என்பார், ஏதோ வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி. கழுவிடாதீங்க, அந்தக் கருகலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள், பொன்னாட்டம் தண்ணீர் வரும் என்பார். அந்தத் தீவில் மூன்று வேளையும் சோறுதான், சோற்றுக்கு மேல் வீட்டுக்கு வீடு குடிப்பது அந்தத் தண்ணீர்தான் என்பார். சொம்போடு ஒரு மடக்கு குடித்துவிட்டு, போன வாரத்தைவிட இன்றைக்குக் கருகல் பக்குவம் என்று ஏழு குடித்தனத்துக்கும் கேட்கிற மாதிரி பாராட்டுவார். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

லெமூர் என்று ஒரு பிராணி. குரங்குமில்லை நாயுமில்லை, அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாதாம். அதில் ஒரு வகை விடியற்காலையில் பாட்டுப் பாடுவதுபோல் கூவும்; தங்கள் முன்னோர் வழி வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் அதைக் கொல்வதில்லை. இன்னொரு வகை தரையில் இறங்கினால் நடக்காது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் குதித்துக் குதித்துப் போகும். இதை அவர் குழாயடியில், தண்ணீர் வந்த நாளில், செய்து காட்டினார். வயது ஐம்பத்திரண்டு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயிலிருந்து வாசல் கேட் வரை குதித்துப் போய்த் திரும்பினார். பாதிப் பேர் சிரித்ததில் குடம் நிறைந்து வழிந்தது. கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் ஒரிசாப் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். அவரோ, இது சரியாக வரவில்லை, அது இன்னும் அழகாகக் குதிக்கும் என்று வருத்தப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவராகவே ஆரம்பித்தார். அந்தத் தீவின் மேட்டுப் பகுதியில் ஒரு வழக்கமாம். சில வருடத்துக்கு ஒருமுறை குடும்பமெல்லாம் கூடி, சமாதியைத் திறந்து, மூத்தவர்களின் எலும்பை வெளியே எடுத்து, புதுத்துணி சுற்றி, மேளம் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாம். நான் கத்தியைக் கீழே வைத்து முருகா என்றேன்.

"மொதல்ல எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு. எங்கூட வேலை செஞ்ச புள்ளை அவங்க ஊட்டு விசேசத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. அம்மா போயி ரெண்டு மாசங்க அப்ப. ஆளாளுக்குத் துணியத் தொட்டுட்டு, பேத்தி பொறந்திருக்கா, மாடு கன்னு போட்டிருக்குன்னு ஊட்டு நாயத்தை எல்லாம் சொல்றாங்க. நான் ஓரமா நின்னு அழுதுட்டேன். ஒரு பெரியவரு என்னன்னு கேட்டு, துணியோட ஒரு முனைய எங்கையில குடுத்தாரு. யாரு பெத்த தாயோ அது. நான் புடிச்சேனுங்க."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், அம்மாவுக்கும் ஒரு துணி போட வேண்டும் என்றார். நான் பதறியதைப் பார்த்து, தோண்டவெல்லாம் மாட்டேன், மேலே போர்த்துவதுதான் என்றார். அவர்கள் வகையில் எரிப்பதில்லை, அமராவதிக் கரையில் புதைத்திருக்கிறார்கள். அக்கா சம்மதித்து, கூட வந்து நின்றால்தான் போர்த்துவது, இல்லையென்றால் இல்லை. தனியாகப் போனால் கதவு சாத்தியே இருக்கும், ஒரு பொம்பளை கூட வந்தால் தண்ணீராவது கேட்பார்கள் என்றார்.

முடிந்துபோன சாவுக்கு ஆறு வருடம் கழித்துக் கோடி போடலாமா? எனக்குச் சாத்திரம் தெரியாது. விளக்கு வைத்து முருகனிடம் கேட்டேன். அவன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் தூக்கம் போகிறதே என்று உடம்புதான் வேண்டாம் என்றது. ஆனாலும் வருகிறேன் என்றுவிட்டேன்.

அண்ணன் வெள்ளைப் பனியன் துணி வாங்கி, அவரே வெட்டி, சாப்பாட்டு நேரத்தில் அவரே ஓரம் அடித்தார். என்னிடம் கொடுத்து, "நல்லாப் பாருங்க அம்மிணி, ஒரு குத்தம் இருக்கப்படாது" என்றார். ஓட்டை இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, தையல் விடவில்லை, நூல் தொங்கவில்லை. எக்ஸ்போர்ட் துணியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. மடித்துக் கொடுத்தேன்.

மறு ஞாயிறு உடுமலை பஸ் ஏறி, அங்கே மாறி, கொமரலிங்கம் போய் இறங்கியபோது எனக்குக் கால் வீங்கிவிட்டது. அக்கா கதவைத் திறந்தார். தம்பியைப் பார்த்ததும் சாத்தப் போனவர், என்னைப் பார்த்து நிறுத்தினார். "வாங்க அம்மிணி, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. மூன்று அடி தள்ளித்தான் இருவரும் நிற்கிறார்கள். அக்கா என்னிடம், எதற்கு வந்தார் என்று அவரைக் கேளுங்கள் என்கிறார். அண்ணன் என்னிடம், சும்மா பார்க்கத்தான் என்று சொல்லுங்கள் என்கிறார். அக்கா, ஆறு வருடம் கழித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள் என்கிறார். நான் தலையை அங்கேயும் இங்கேயும் திருப்பித் திருப்பித் தபால் கொடுத்தேன். கழுத்து வலித்ததால், அண்ணன் சொன்ன தீவுக் கதை முழுவதையும் நானே ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன், யாரோ ஒரு தாயின் துணி முனையைப் பிடித்து அவர் அழுதது வரைக்கும். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அண்ணன் பையிலிருந்து துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அக்கா மடியில் வைத்தேன்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனி பேக்கிங்கில் இருந்தவர். துணியை விரித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் விரல் நின்றது. திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சைஸ் லேபிள். அதன் கீழே துவைக்கிற முறை சொல்லும் லேபிள். இரண்டும் கச்சிதமாக வைத்துத் தைத்திருந்தது. இத்தனை வருடக் கைப்பழக்கம், அண்ணன் தன்னை அறியாமல் வைத்து அடித்திருக்கிறார். அதைச் செக் செய்தவள் நான். லேபிள் இல்லாத துணிதான் என் கண்ணில் உறுத்தும். இருந்த துணி உறுத்தவில்லை. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

அக்கா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏண்டா, அம்மாளுக்கு எக்ஸெல்லா?"

யாரைக் கேட்கிறார் என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"உன்னையத்தான் கேக்கறேன். கடைசில எலும்பும் தோலுமாக் கெடந்தாடா. மீடியம் சைசே தொளதொளன்னு நின்னிருக்கும். இதுல, வெந்நீல தொவைக்கப்படாதுன்னு வேற போட்டிருக்குது."

"கைப்பழக்கங்க்கா" என்றார் அண்ணன். அவ்வளவுதான். அக்கா துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்குவது நிற்காமல் போனபோதுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அப்புறம் லேபிள் இரண்டையும் பல்லால் நூலைக் கடித்து எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

ஆற்றங்கரையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த மண்மேட்டின் மேல் துணியைப் போர்த்தினார்கள். நான் வேல் முருகா என்று திருநீறு தூவினேன். அந்தத் தீவுக்காரர்கள் செய்வதுபோல் ஊர்ச் செய்தி சொல்ல அண்ணன் நிறைய யோசித்து வைத்திருந்தாராம். குனிந்து, "அம்மா, அக்கா பேசீட்டா" என்று மட்டும் சொன்னார்.

மத்தியான பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடத்துக்குளம்கூடத் தாண்டவில்லை, அண்ணன் போன் அடித்தது. அக்காதான். ஆறு வருடத் திட்டு மிச்சம் இருந்ததுபோல. "ஆமாங்க்கா, தப்புத்தானுங்க்கா" என்று இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே வந்தார். உடுமலையில் பஸ் மாறியதும் நான் தூங்கிப்போனேன். பல்லடத்தில் முழித்தபோதும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். என் குடும்பத்துக்காக முருகனிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதருக்காக ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுத் திரும்பக் கண்ணை மூடினேன்: ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் போனில் சார்ஜ் தீராமல் நிற்க வேண்டும், அப்பனே.