எனக்கு மேல் ஒருவரும் இல்லை

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் பகுதிநேரமாக வேலை பார்த்த விளம்பரக் கொம்பனியில் முதலாளி கிடையாது. இது குறைபாடு அல்ல, கொள்கை. "இங்கே ஒருவரும் ஒருவருக்கும் மேலல்ல" என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கொம்பனியைத் தொடங்கி, கட்டடத்தை வாங்கி, எங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கிற மொர்ட்டன்கூட முதலாளி அல்ல, தோட்டக்காரர். எங்களுக்குத் தண்ணீர் விடுவது மட்டுமே தம் பணி என்று முதல்நாளே அறிவித்தார்.

அம்மாவுக்குப் பெரிய புளுகம். எங்கள் ஊரான ரண்டர்ஸில் எந்தச் சாமத்திய வீட்டுக்குப் போனாலும், "எங்கட மேனுஜாவுக்கு மேல ஒருத்தரும் இல்லை" என்பா.

அப்போதுதான் எனக்கு அரைநாள் லீவு தேவைப்பட்டது. செவ்வாய் காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. தவறவிட்டால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

மொர்ட்டனிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அனுமதி தர நான் யார், மேனுஜா?"

"அப்படியென்றால் நான் போகலாம்?"

"நீயாக முடிவெடுத்தால், மற்றவர்கள் மேல் அதிகாரம் செலுத்துகிறாய் என்று ஆகாதா?"

"பிறகு யாரைத்தான் கேட்பது?"

"வட்டத்தை."

வட்டம் என்பது பதினொரு பேர் தரையில் மெத்தை போட்டு இருந்து கதைப்பது. கூழாங்கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். வாக்கெடுப்பெல்லாம் இல்லை, அவரவர் வயிறு என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் உள்ளுணர்வு வயிற்றில்தான் குடியிருக்கிறது. ஒரேயொரு வயிறு சஞ்சலப்பட்டாலும் விடயம் அடுத்த புதனுக்குப் போய்விடும்.

கணக்குப் பிரிவுக் கித்தேயின் வயிறு சஞ்சலப்பட்டது.

"என் லீவினாலா?" என்றேன்.

"சீச்சீ, பொதுவாக."

கல் என் கையில் இல்லாதபடியால் என் கேள்வி செல்லுபடியாகாது என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த புதன் தேர்வுக்கு மறுநாள்.

அங்கே இருந்த மற்றத் தமிழர் நிதர்சன் அண்ணை ஒருவர்தான். கோப்பி மெசினடியில் பிடித்தேன்.

"அண்ணை, நீங்கள் எப்பிடி லீவு எடுக்கிறனீங்கள்?"

"நானோ? போன வருசம் ஒரு பல்லுப் பிடுங்கக் கேட்டனான். வட்டம் இன்னும் யோசிக்குது."

"ஐயோ, பல்லு?"

"அது ஒருத்தரையும் கேக்காமல் தானா விழுந்திட்டுது, தங்கச்சி."

வீட்டில் அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிரவேயில்லை. "எங்கட ஃபக்டரியில லீவு கேட்டால் ஃபோர்மன் ஏலாதெண்டு கத்துவான். அரை நிமிசத்தில அலுவல் முடிஞ்சிடும். உங்கட ஆக்களுக்கு அவ்வளவு படிப்பில்லைப் போல."

திங்கள் பின்னேரம் மொர்ட்டனிடம் வாதிட்டேன்: தடுக்க ஆளில்லாத இடத்தில் தடையும் இருக்க முடியாது. அவர் உருகிப்போனார். "ஒருவரும் தடுக்கவில்லை!" என்று கட்டியணைத்தார்.

போனேன். ஆய்வேட்டின் தலைப்பைச் சொல்ல மறந்துவிட்டேன்: 'முதலாளியற்ற நிறுவனம்: விடுதலையின் புதிய வடிவம்'. எண்பத்துநாலு பக்கம். பாதி எழுதிய உற்சாகத்தில்தான் அந்தக் கொம்பனிக்கே விண்ணப்பித்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே அப்படியொரு இடத்தில் வேலை செய்கிறீர்கள். எழுதியதும் நடப்பதும் பொருந்துகிறதா?"

கல், வயிறு, பல்லு எல்லாம் நுனிநாக்கில் நின்றன. எண்பத்துநாலு பக்கமும் மேசையில் கிடந்தது.

"முழுமையாகப் பொருந்துகிறது," என்றேன்.

பன்னிரண்டு போட்டார்கள். டென்மார்க்கில் அதற்கு மேல் புள்ளி இல்லை.

மறுநாள் காலை என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மொர்ட்டன் கண்கலங்க வெளியே வந்தார்.

"உன்னை வெளியே வளர விட்டிருக்கிறோம், மேனுஜா."

"யார் முடிவெடுத்தது?"

"ஒருவருமில்லை. நேற்றுப் பத்து மணிக்கு வட்டம் கூடியது. நாலே நிமிடம். எல்லா வயிறும் அமைதியாக இருந்தன."

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டது. கொம்பனி அதை அச்சடித்து வாசலில் வைத்தது. போன கிழமை நிதர்சன் அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, உம்மட புத்தகத்தை வாசிச்சிட்டுப் பிராண்டே ஊர்ப் பிள்ளை ஒண்டு வேலைக்கு வந்திருக்கு. அபிதாவாம். சோதினைக்கு லீவு வேணுமாம். உம்மளை ஒருக்காக் கேட்டுச் சொல்லட்டாம், அந்தப் புத்தகத்தில இருக்கிறது உண்மையோ எண்டு."

பட்டமளிப்பு அடுத்த வெள்ளி. அம்மா சீலையும் எடுத்துவிட்டா.

"அண்ணை," என்றேன், "எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. புதன்கிழமை எடுங்கோவன்."