மாமனாரும் வாஷிங் மெஷினும்

"மாப்பிள்ளை, நாலு மணிக்கு வண்டியோட வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாங்களாம். அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுடட்டுமா?"

மாமனார் போனை நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிப் படித்தான். 'உங்களைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு முடிந்தது. வண்டி நாலு மணிக்கு; வண்டிக்காரர் எண் கீழே உள்ளது. உள்ளே தங்கியிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத் தயாராக இருக்கவும்.'

"அதை அப்பவே முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை செய்தியை மறுபடி படித்தான். இந்த மனிதரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவன் மனைவி ஒரு வருஷம் கெஞ்சியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். அவர் வந்த அன்றே இவனிடம் கண்டிப்பாகச் சொல்லியும் விட்டாள்: "அப்பா மறுபடி ஊருக்குப் போய்த் தனியா உக்காந்தாருன்னா, அதுக்குக் காரணம் நீங்கதான். அப்புறம் நானும் இங்க இருக்க மாட்டேன்."

செய்தியை அனுப்பியது செல்லம். வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் ஏ.ஐ. உதவியாளுக்கு மனைவி வைத்த பெயர் அது. மாப்பிள்ளையின் கம்பெனித் தயாரிப்பு. அதன் ஞாபகத்தில் வீட்டு ஆள், வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஏதாவது இரண்டு புள்ளிகள் குறிப்பது ஒன்றைத்தான் என்று தோன்றினால் சேர்த்துவிடும். எதை எதோடு சேர்ப்பது என்று அதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். சொந்த வீட்டிலேயே அது மாமனாரையும் வாஷிங் மெஷினையும் சேர்த்து வைத்திருந்தது. மாமனார் வரும்போது தன் ஊர்க் கடையில் வாங்கி வந்த மெஷின் அது. ரிப்பேராகி, அந்தக் கடைக்கே இன்று திரும்ப வேண்டியிருந்தது.

"செல்லம், ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"ஒரே ஊரிலிருந்து, ஒரே வண்டியில் வந்தவை. பின்னறையில் இருப்பவை. இரவில் சத்தம் வரும். அதிக பாரம் கூடாது. இருந்தாலும் சந்தேகத்துக்குக் கேட்டேன். வீட்டில் ஒருவர் ஆமாம் என்றார்."

"நான்தான் தூக்கக் கலக்கத்துல எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அது என்கிட்டயும்தான் நாள் பூரா ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார் மாமனார்.

அவன் இரண்டு புள்ளிகளின் இணைப்பை வெட்டினான். செல்லம் சமர்த்தாகப் பிரித்தது. பாகப்பிரிவினைதான் கோணலாகப் போயிற்று. பிரஷர் மாத்திரை வாஷிங் மெஷின் பங்குக்குப் போனது. நாலு மணி வண்டி மாமனார் பங்குக்கு வந்தது. அதுவும், இறக்க வேண்டிய இடம் கடை அல்ல, ஊரில் உள்ள அவர் வீட்டு வாசல் என்ற திருத்தத்தோடு.

"முதல்ல வண்டியை ரத்து பண்ணு!"

"ஆளை அனுப்பும் விஷயம் ஆயிற்றே. மகளிடம் அனுமதி கேட்டுவிட்டேன்."

"ஐயோ, என்னன்னு கேட்ட?"

"'அப்பாவைத் திருப்பி அனுப்புவதை உங்கள் கணவர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். சம்மதமா?'"

போன் அலறியது.

"இப்போதைக்கு வேணாமா? அப்போ முதல்ல அனுப்பணும்னு சொன்னது யாருங்க?"

"இல்லம்மா, அது வந்து... ரெண்டு புள்ளி..."

"ஒரு புள்ளியும் வேணாம். நான் ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டேன். வர்றப்ப அப்பா வீட்டுல இருக்கணும்."

மணி நாலாகப் போகிறது. வேறு வழி தெரியாமல் மாமனாரின் புள்ளியையே அழித்தான். ஆளே இல்லாவிட்டால் வண்டி எதற்கு?

செல்லத்தின் குரல் மாறியது. "கவனம்! வீட்டுக்குள் அடையாளம் தெரியாத ஒருவர் பெட்டியோடு நிற்கிறார். வாட்ச்மேனுக்குச் சொல்லிவிட்டேன். அவர் வெளியேற வசதியாக வாசல் கதவையும் திறந்துவிட்டேன்."

திரும்பிப் பார்த்தான். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மாமனார் பெட்டியோடு நின்றிருந்தார்.

"என்ன மாமா இது?"

"நீங்க டென்ஷன் ஆகாதீங்க மாப்பிள்ளை. எல்லாம் நல்லபடியா முடியும்."

அந்த நிதானம் அவனுக்கு அழுகையையே வரவழைத்தது. பாவம், மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்! உப்பு கூடாது, படி ஏறக் கூடாது, தனியாகத் தெருவில் இறங்கக் கூடாது என்று மகள் போட்ட தடையை எல்லாம் முகம் கோணாமல் பொறுத்துக்கொண்ட மனிதர். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கீழே வண்டி வந்து நின்றது. தோளில் கயிற்றோடு வண்டிக்காரர் படியேறி வந்தார். தெருமுனையில் மனைவியின் ஸ்கூட்டர் திரும்புவது ஜன்னல் வழியே தெரிந்தது.

மாப்பிள்ளை பாய்ந்து போய் வாசலை மறித்தான். "அண்ணே, பெரிய தப்பு நடந்துபோச்சு! இவர் வாஷிங் மெஷின் இல்ல, என் மாமனார். இவரை அனுப்பச் சொல்லி இந்த வீட்டுல யாருமே சொல்லலை!"

வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? 'வாஷிங் மெஷின்னுதான் போட்டிருக்கும், ஆனா வரப்போறது நான், டிரைவர் பக்கத்துல ஜன்னலோர சீட்டு எனக்கு'ன்னு ஐயா காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டாரே!"