சின்ன மாப்பிள்ளையின் பசையும் நான் கழற்றிய ஆரஞ்சுக் கண்ணாடியும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் கடைவாய்ப் பல்லைத் தவிர. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பல் ஆஸ்பத்திரிகளுக்கு, நோயாளியின் வாய்க்குள் வெளிச்சம் அடிக்கிற விளக்கு விற்கிறவன். உங்கள் சின்ன மாப்பிள்ளை பல் அடைக்கிற பசை விற்கிறவர். இருவருக்கும் ஒரே டாக்டரம்மா. நான் பத்து வருஷம் படி ஏறி இறங்கிப் பிடித்த இடம். அவர் போன வருஷம் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். அவருக்கு நாற்காலி போடச் சொல்கிறார்கள். நான் போனால், "ஓரமா நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்கிறார்கள். விளக்கு விற்றவனிடம்! அதையும் பொறுத்தேன். போன மாதம் உங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவர், "அண்ணே, உங்க விளக்கு நல்ல விளக்குதான், என்ன, வெளிச்சம் கொஞ்சம் இதமா இருக்கு" என்றாரே, இதமாம்! நீங்களும் தலையாட்டினீர்கள் மாமா, நான் பார்த்தேன். மறுநாளே டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போய், விளக்கின் முகத்தில் இருந்த ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். உச்சிவெயில் மாதிரி அடித்தது.

அன்றிலிருந்து அவர் பசையின் சாயம் வெளுத்துப்போச்சு. அது பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கணும், பல்லுக்குத் தக்கபடி வடிவம் பண்ணி, கடைசியில் பேனா மாதிரி ஒரு கருவியால் நீல ஒளி காட்டினால்தான் கல்லாக இறுகணும். இப்போதோ நிரவுவதற்குள்ளேயே இறுகிவிடுகிறது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "விளக்கா, பசையா? வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும். கோளாறான சரக்கு இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றுவிட்டார். நான் விடுவேனா? அவர் பழைய சரக்கைத் தள்ளுகிறார் என்று நிரூபிக்க என் சொத்தைக் கடைவாய்ப் பல்லையே கொடுத்தேன். பசையை வைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் இறுகி, பல்லின்மேல் ஒரு குன்று நிற்கிறது, வாய் மூடவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "அண்ணே, வலிக்குதா?" என்கிறார். என்ன நடிப்பு! உங்கள் மகளோ, "அவரு எவ்வளவு பாசமாக் கேக்குறாரு, நீங்க முறைக்கிறீங்களே" என்கிறாள். வாய் மூடாதவன் முகம் வேறெப்படி இருக்கும்?

ஆகவே மாமா, அவரைக் கூப்பிட்டுப் பசையை மரியாதையாகத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் எங்களுக்கு வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்களுக்கு முதலில் வாய்த்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சின்ன மாப்பிள்ளை என் கடைக்கு வந்து, "அண்ணே, அந்த ஆரஞ்சுக் கண்ணாடி எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பசையை இறுக்குகிற அந்த நீல ஒளி என் விளக்கிலும் இருக்கிறதாம், அதைத் தடுக்கத்தான் கண்ணாடியாம். விளக்குக்காரனுக்குப் பசைக்காரர் பாடம்! ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து மாட்டினார். டாக்டரம்மாவிடம், "கண்ணாடி கழண்டிருந்துச்சு, மாட்டியாச்சு" என்றார். கழற்றியது யார் என்று மூச்சு விடவில்லை. இரண்டு பேர் சரக்கும் தப்பியது. குன்றைத் தேய்த்து எடுத்து, அதே பசையால் என் பல்லையும் அடைத்தாயிற்று. மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கென்று கடித்துப் பார்த்தேன் மாமா, ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.