ஹன்சாபென் கொடுக்கப் போகிறாள்

"ஹன்சா, கண்ணையுமா கொடுக்கறே?" உறுப்பு தானப் பதிவு பற்றித் தபாலில் வந்த கடிதத்தை நீட்டினார் கணவர் ஜயந்திலால்.

"செத்த பிறகுதாங்க. கிட்னி, ஈரல், கண்ணு, எல்லாம். தையல் ஆலையில என் பக்கத்து மெஷின் தருலதா மூணு வருஷமா டயாலிசிஸ் போறா. நம்ம இந்திய ஆளுங்க கிட்னின்னா பொருந்த வாய்ப்பு ஜாஸ்தியாம். நம்ம ஆளுங்கதான் கொடுக்கறதே இல்லையே!"

"சரி, கண்ணை மட்டும் விட்டுடேன்."

"கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஜயந்திலால் தன் அண்ணன் நவீன்சந்திராவுக்கு ஃபோன் போட்டார். 'ஹன்சா உடம்பைக் கொடுக்கப் போறா' என்ற சேதி, இங்கிலாந்தின் லெஸ்டரில் நாலு வீடு தாண்டுவதற்குள் 'ஹன்சாவுக்கு உடம்பு முடியலை' என்றாகிவிட்டது.

ஞாயிறு மதியம் உறவினர் பதினான்கு பேர் டோக்ளா பலகாரமும் கண்ணீருமாக வந்து இறங்கினார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லை!" என்று கத்தினாள் ஹன்சா. யாரும் நம்பவில்லை. சோஃபாவின் ஒரு முனையை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டினாள். அதில் உட்கார்ந்திருந்த சித்தியும் சேர்ந்து எழும்பினாள்.

"ஐயோ, கடைசி நேரத்துல இப்படித்தான் ஒரு தெம்பு வரும்!" என்று சித்தி மேலிருந்தே அழுதாள்.

ஹன்சா சோஃபாவைத் தொப்பென்று இறக்கினாள். "வந்ததும் நல்லதாப் போச்சு. நான் போனப்புறம் ஆஸ்பத்திரியில இவர் சம்மதத்தைத்தான் கேப்பாங்க. என்னங்க, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சரின்னு சொல்வீங்களா, மாட்டீங்களா?"

ஜயந்திலால் அண்ணனைப் பார்த்தார்.

ஹன்சா 'மோட்டாபாய்' என்று அழைக்கும் மூத்தவர் நவீன்சந்திரா எழுந்தார். "கண்ணில்லாமப் போனா அடுத்த பிறவியில குருடாத்தான் பொறப்பே!"

"பொறந்துட்டுப் போறேன், மோட்டாபாய். அது என் பிறவி. நீங்க நெருப்புல போடப்போற கண்ணுல யாரோ ஒருத்தர் உலகத்தைப் பார்க்கட்டும்."

ஜயந்திலால் முதல் முறையாக அண்ணனை விட்டு மனைவியைப் பார்த்தார். "சரின்னுதான் சொல்வேன்," என்றார். எல்லாருக்கும் கேட்டது.

"டேய்! நம்ம குடும்பத்துக்கும் இந்த அசிங்கத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று சீறினார் நவீன்சந்திரா.

அதுவரை டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பானு, கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"கண்புரை ஆபரேஷன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே, உங்க இடது கண்ணுல யாரோட கருவிழியையோ வெச்சிருக்காங்களே, அதைக் கொடுத்த புண்ணியவான் பாவம், இப்போ எந்த ஊர்ல குருடாப் பொறந்திருக்காரோ?"