ரெண்டு டிக்கட்டு உடம்பு

எதிரே வருகிறவரைப் பார்த்ததும் பெயர் கேட்பவர் உண்டு, ஊர் கேட்பவர் உண்டு. இன்னொரு இனம் உண்டு. அது எதுவும் கேட்காது. தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்து, இத்தனை கிலோ என்று மனசுக்குள் குறித்துக்கொள்ளும். அதோடு விட்டால் பரவாயில்லை. அந்தக் கிலோவுக்கு உலகம் சரியாக வசூல் செய்கிறதா என்ற கவலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போடிநாயக்கனூரில் அவர் பெயர் கோட்டைச்சாமி.

குரங்கணிக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், போடியில் வீடு, இரண்டுக்கும் நடுவே போய்வர நாற்பத்தாறு கிலோ உடம்பு. அந்த உடம்பைத் தன் நேர்மைக்கு அத்தாட்சியாகவே அவர் நினைத்தார். தையற்கடையில், "குண்டன் அழகுமலைக்கு மூணு கெசம் தைக்கிற, எனக்கு ரெண்டு. கூலி மட்டும் ஒண்ணா?" என்பார். சலூனில், தன்னுடையது சின்னத் தலை என்று நாலணா குறைப்பார். சினிமாக் கொட்டகையில் முன்னால் பருத்த ஆள் உட்கார்ந்துவிட்டால், மறைத்த படத்துக்கு அவரிடம் பாதிக் காசு வாங்கித் தரச்சொல்லி மேனேஜரைத் தேடுவார். கல்யாண வீட்டில் வயிற்றுக்கேற்ற மொய்தான் நியாயம் என்று ஒரு ரூபாய் எழுதிவிட்டு, பந்தியில் மூன்று தரம் பாயசம் கேட்பார். ஒரே ஒரு இடத்தில்தான் இந்தச் சட்டம் செல்லாது. அவர் தோட்டத்தில் காய் எடுக்க வரும் திடமான பெண் ஒருத்தி இரண்டு பேர் வேலையைப் பார்த்தால், "கூலியில என்ன ஆத்தா பெருசு சிறுசு? எல்லாம் ஒரே உசுருதான்" என்பார். நியாயத்துக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள், குரங்கணிக்குப் போகும் கடைசி ஜீப் ஏலக்காய்க் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. சிலமலைக் கிராமத்துக் கருத்தம்மாள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். நல்ல அகலமான பெண்பிள்ளை. குரங்கணியில் வாக்கப்பட்ட மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாகக் காலை ஜீப்பில் சேதி வந்திருந்தது. இதை விட்டால் மறுநாள்தான் வண்டி. முந்தானையில் முடிந்திருந்ததோ ஒரு டிக்கட்டுக்கான காசு.

முன்சீட்டிலிருந்த கோட்டைச்சாமி அவளைக் கண்ணாலேயே எடை போட்டு முடித்தார்.

"சுந்தரராஜு, இந்தம்மா ரெண்டாளு எடத்த அடைக்கும். ரெண்டு டிக்கட்டு வாங்கு. மேட்டுல வண்டி மூச்சு வாங்குறது யாரால?"

டிரைவர் சுந்தரராஜ் தலையைச் சொறிந்தார். பின்சீட்டில் ஒல்லியாக இருந்த இருவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"ஒத்த டிக்கட்டுக்குத்தான்யா காசு இருக்கு. புள்ள அங்க துடிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றாள் கருத்தம்மாள்.

"வருத்தமாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஏலக்காயில பெருசுக்குத்தானே வெல கூட? போன வருசம் ஒங்க தோட்டத்துல காய் எடுத்தேனே, கூலி கூடவா குடுத்தீக?"

ஜீப் சிரித்தது. கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. "பேச்சு எதுக்கு? இந்தா இருக்கு தராசு!" என்று இறங்கினார். காலமெல்லாம் மூட்டை நிறுத்தே பழகிய தெரு அது. எதில் சந்தேகம் வந்தாலும் தட்டில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். கடைவாசலில் சங்கிலியில் தொங்கிய பெரிய தராசின் ஒரு தட்டில் அவர் ஏறி உட்கார்ந்தார். கருத்தம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளை நினைத்துக்கொண்டு மற்றத் தட்டில் ஏறினாள். வேடிக்கை பார்த்த அத்தனை பேரில் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை.

அவள் தட்டு தரையில் இடித்தது. கோட்டைச்சாமி அந்தரத்தில் ஆடியபடி, "பாத்துக்கங்கப்பா, பாத்துக்கங்க!" என்று தெருவுக்கே கையாட்டினார்.

சுந்தரராஜ் ஜீப்பிலிருந்து ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கிவந்தார். "அண்ணே, இது ஆரோடது?"

"என்னோடதுதான். கையில கொண்டு போற சாமான்."

அதைக் கோட்டைச்சாமியின் மடியிலேயே வைத்தார். தட்டு ஆடியது. அடுத்து மண்ணெண்ணெய் டின் வந்தது. இரண்டு பேரும் சமமாக முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகக் கருவாட்டுக் கூடை. கோட்டைச்சாமி பொத்தென்று தரைக்கு வந்தார்.

"ஜீப்பு எதைச் சுமக்குதோ அதைத்தானே அண்ணே நிறுக்கணும்?"

"சாமான் வேற, ஒடம்பு வேற!" என்று கூடைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வேறதான்யா" என்றாள் மேலே தொங்கிய கருத்தம்மாள். "சாமானை நீங்க எறக்கி வச்சுட்டு வரலாம். என் ஒடம்ப நான் எங்கிட்டு எறக்கி வைக்க?"

சுந்தரராஜ் அவளைக் கைகொடுத்து இறக்கி, முன்சீட்டில் உட்காரவைத்து, ஒரு டிக்கட்டுக்குக் காசு வாங்கினார். கோட்டைச்சாமியிடம் இரண்டு கேட்டார். நியாயத்துக்காக இரண்டு டிக்கட்டுக் காசு கொடுப்பதைவிட, சாமானோடு வீட்டுக்குத் திரும்புவதே சிக்கனம் என்று அவருக்குப் பட்டது.

கருத்தம்மாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பேரனை முதலில் கையில் வாங்கியது அவள்தான். மறுநாள் சுந்தரராஜ் அந்தச் சேதியைச் சொன்னார்: "ஆம்பளப் புள்ளண்ணே. நாலு கிலோ இருக்குமாம்."

"நாலா?" கோட்டைச்சாமி புருவத்தைத் தூக்கினார். "மடியில வச்சுக் கொண்டாந்தாலும் விட்டுறாத. இப்பமே அரை டிக்கட்டு போடு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் பஸ்சில் ஒரு பருத்த அம்மாள் ஏறி, உங்கள் பக்கத்து இடத்தைப் பார்த்தபோது, அங்கிருந்த உங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்களா, இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தீர்களா? அந்தப் பைக்கு எத்தனை டிக்கட்டு எடுத்திருந்தீர்கள்?