மாடிக்காரியின் கிருமியும் என் தொண்டையும்

அன்பும் அறிவும் நிறைந்த மகனுக்கு, உன் பெரியம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால், காய்ச்சல் விட்டுவிட்டது, மனம்தான் ஆறவில்லை என்று எழுதுகிறேன். உன் அம்மாவும், மனைவி மக்களும், நீ தலைமை வகிக்கும் தேசிய இன்ஃப்ளூயன்சா ஆய்வகமும், அதன் உறைபெட்டிகளும், மின்சாரம் போகும்போதெல்லாம் அவற்றைக் காப்பாற்றும் ஜெனரேட்டரும் சுகமாக இருக்கட்டும்.

மாடியிலிருக்கும் என் ஓரகத்தியின் தொண்டையில் எடுத்த கிருமியை, தடுப்பூசி செய்வதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாயாமே? கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் நல்லதெல்லாம் அவளுக்குத்தான்: மாடி, காற்று, மாமியாரின் பாராட்டு, வலிக்காத முழங்கால்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கிருமியிலுமா அவள் முந்த வேண்டும்? அதுவும் என் தங்கை மகன் கையாலேயா?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முதலில் படுத்தவள் நான். என்னைப் பார்க்கிறேன் என்று அவள் இறங்கி வந்தாள். கட்டிலோரம் வெகுநேரம் உட்கார்ந்து, என் தலையணை உறை நிறம் வெளுத்துவிட்டது என்பதை மட்டும் கண்டுபிடித்துவிட்டுப் போனாள். இரண்டே நாளில் அவளும் காய்ச்சலென்று படுத்துக்கொண்டாள். நான் எது செய்தாலும் அவளும் செய்தாக வேண்டும், அது அவள் பிறவிக் குணம். இருவருமாக மருத்துவமனைக்குப் போனோம். காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்களில் சிலருக்கு மட்டும் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து உன் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் தங்கை மகன் பார்க்கப்போகிற தொண்டை ஆயிற்றே! கிளம்புவதற்கு முன் மருந்துத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்து, மூக்கையும் உப்பு நீர் விட்டு அலசிக்கொண்டேன். வைத்தியர் முன் அழுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர்மார் சொல்லி வளர்த்த உடம்பு இது. ஆனால் அங்கிருந்த நர்ஸுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

"நல்லா வாயைத் திறங்கம்மா."

"இதுக்கு மேல திறந்தா மரியாதையா இருக்காது."

"கிருமி உள்ளதான் இருக்கும்மா. வாசல்ல வந்து நின்னு வாங்கன்னு கூப்பிடாது."

குச்சி பல்லைத் தாண்டியதும் வாயை மூடிவிட்டேன். மூக்கின் ஓரத்தில் தொட்டுக்கொள்ள அனுமதித்தேன். மாடிக்காரியோ ரயில் நிலையம் மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்கமே கிடையாது.

முடிவு வந்தது. என் தொண்டையில் ஒன்றுமில்லையாம். அவள் தொண்டையில் இருப்பது இன்ஃப்ளூயன்சாவாம். அதிலும் அடிக்கடி பார்க்காத ரகமாம். நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "இல்லைன்னு வர்றதும் எங்களுக்கு வேணும்மா. நூறு பேருக்குக் காய்ச்சல்னா அதுல எத்தனை பேருக்கு இந்தக் காய்ச்சல்னு அப்பத்தானே தெரியும்" என்றாள் நர்ஸ். தலை எண்ணுவதற்கா நான் போனேன்?

அன்று தொடங்கியது கூத்து. தையல்காரரிடமும் தபால்காரரிடமும், "என்னை வச்சுத்தான் அடுத்த வருஷத்து ஊசியே செய்யப் போறாங்களாம்" என்கிறாள். என் சன்னலுக்கு நேராக நின்றுகொண்டு, "அக்கா, என் கிருமி ஃபாரின் போகுதாம்! உங்களுது?" என்றாள். "எங்க கிருமி வீடடங்கி இருக்கும், ஊர் சுத்தாது" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினேன். அதன் பிறகு புழுக்கத்தில் நான்தான் கஷ்டப்பட்டேன்.

மகனே, நீ சொன்னதை நான் மறக்கவில்லை. என் பிறந்தநாளுக்கு நீ வராததற்குக்கூட, சோதனைக்கான மருந்துகள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன என்று காரணம் சொன்னாய், ஏற்றுக்கொண்டேன். "நம்ம நாட்டுல பரவுற காய்ச்சல் என்னன்னு நாமே பார்த்துச் சொல்லலைன்னா, அடுத்தவங்க காய்ச்சலுக்குச் செஞ்ச ஊசியைத்தான் போட்டுக்கணும் பெரியம்மா" என்றாய். நியாயம்தான். ஆனால் அடுத்தவங்களில் மாடிக்காரி சேர்த்தியில்லையா? அவள் கிருமிக்காகச் செய்த ஊசியை அடுத்த வருஷம் என் கையில் போட்டுக்கொண்டு, அவள் தயவில் நான் உயிர் வாழ வேண்டுமா? அதற்குக் காய்ச்சலே மேல்.

ஆகவே அதை அனுப்பாதே. நம் நாட்டின் சார்பில் ஒரு கிருமி கடல் தாண்டிப் போகிறதென்றால் அது வந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? என் குச்சியைத் தேடி எடுத்து மறுபடி சோதித்துப் பார். நிதானமாகப் பார்த்தால் ஏதாவது இருக்கும்.

உன் மேசை மீது எப்போதும் ஒரு பெரிய பொறுப்பு இருக்கட்டும், அதைத் தாங்க உடம்பில் தெம்பும் இருக்கட்டும். குழந்தைகளுக்கு முத்தங்கள். உன் அம்மாவை எனக்குப் பதில் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாடிக்காரி சண்டைக்கு இறங்கி வந்துவிட்டாள். "யார்கிட்டேருந்து ஒட்டிச்சுன்னு நர்ஸம்மா கேட்டாங்க அக்கா. யோசிச்சுப் பார்த்தா உங்க பக்கத்துல உக்காந்துட்டுப் போன பிறகுதான் எனக்குக் காய்ச்சல். எல்லாம் நீங்க குடுத்ததுதான்!" என்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அந்தக் கிருமியை உடனே அனுப்பு, ஐஸ் குறையாமல் பார்த்துக்கொள். யாருடையது என்று அங்கே கேட்டால் என்னுடையது என்று சொல். வழியில் மாடியில் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.