என் தொப்பை போட்ட உத்தரவு

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. உங்கள் நலமும் உங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளின் நலமும் அறிய ஆவல்.

போன மாதம் வந்திருந்தபோது என் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளி, "அத்தான், இது வெறும் கொழுப்பு மூட்டை இல்ல, ஒரு சுரப்பி மாதிரி. நீங்க சாப்பிடுற எண்ணெயிலேருந்து ஹார்மோன் மாதிரி என்னென்னவோ செஞ்சு அக்கம்பக்கத்துக்கெல்லாம் உத்தரவு போடும். எண்ணெய் மாறினா உத்தரவும் மாறும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். மறுநாளே உங்கள் அக்கா வீட்டில் பொரிப்பதை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவை நீட்டினாள். நானும் யோசித்தேன்: மாத்திரை கொழுப்பைக் 'கரை' என்று உத்தரவு போடுமென்றால், துறைமுக கேன்டீனில் இரண்டு தட்டு வறுவல் தின்றுவிட்டு, கூட நாலு மாத்திரை போட்டால் கணக்கு நேராகிவிடுமே! மூன்று வாரம் அப்படியே செய்தேன். ஏப்பம் விட்டால் நான் ஓட்டும் கிரேனின் அறைக் கண்ணாடியே மீன் நாற்றம் அடித்தது. ஒருநாள் கிரேன் ஏணியில் பாதி தூரம் பூனை ஒன்று என் பின்னாலேயே ஏறி வந்து, இறங்கத் தெரியாமல் கத்த, கப்பலில் சரக்கு இறக்குவது ஒரு மணி நேரம் நின்றது.

அப்புறம் வருடாந்திர உடற்பரிசோதனை. நாலு கிலோ கூடியிருந்தது. டாக்டரிடம் மாத்திரைக் கணக்கையும் உங்கள் பெயரையும் சொன்னேன்.

"மாத்திரையும் எண்ணெய்தானே சார்?" என்றார் டாக்டர். "உங்க மைத்துனர் இதையெல்லாம் யார்கிட்ட சோதிச்சார்?"

"எலிகிட்ட."

"எலி கேன்டீனுக்குப் போகுமா?"

மூன்று மாதம் கிரேன் ஏறத் தடை. பதினேழு வருடம் மேலேயிருந்து எல்லோருடைய உச்சந்தலையையும் பார்த்தவன், இப்போது தரையில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறான். உண்மையைச் சொன்னால், மேலே அந்தக் காற்று இல்லாமல் மூச்சே சரியாக வருவதில்லை.

ஆகவே, இனி எங்கள் வீட்டுக்கு வந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், விஞ்ஞானம் மட்டும் பேசாதீர்கள். உங்கள் ஆராய்ச்சிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: கொழுப்பு ஆராய்ச்சிக்கு என் இடுப்பளவில் ஆட்கள் தேவை, பன்னிரண்டு வாரம் மூன்று வேளையும் அளந்து சாப்பாடு தருவோம் என்று உங்கள் ஆய்வுக்கூடத்தின் விளம்பரம் இன்று பேப்பரில் வந்திருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே வேலை செய்பவர்களின் உறவினர்களைச் சேர்க்க மாட்டார்களாம். திங்கள்கிழமை அங்கே என்னைப் பார்த்தால் தயவுசெய்து யாரோ என்று இருந்துவிடவும்.